பேரிங் மாற்றணுமா, இன்னும் ஓடுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரங்கூன், லைன் கார் ஓட்டுபவர்

ரங்கூனுக்கும் பெகுவுக்கும் நடுவே ஓடுகிற என் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பயணிகள் பிக்கப் போன மழைக்காலம் முடியும்போது ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. டீசல் வண்டியில் சத்தம் என்ன அதிசயம் என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே இருக்காது. 50 மைல் ஓடி பெகு போய்ச் சேர்ந்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடியிலிருந்து கனமாக டொக் டொக். நின்று ஓடும்போது ஆயில் லைட்டும் லேசாக மினுக்கும்.

பக்கத்துக் கடை மெக்கானிக் கேட்டுவிட்டு, "பிஸ்டன் ஆட்டம், ஓட்டுங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிஸ்டன் ஆட்டம் என்றால் குளிரில் அடித்து, சூடானால் அடங்க வேண்டும். என் வண்டியில் தலைகீழாக இருந்தது. சூட்டில் ஆயில் இளகினால் அதிகமாகிற தட்டல் பேரிங் பக்கம்தான், அதாவது கிராங்க் தண்டு சுழலும் இடத்தில் இருக்கிற உலோகத் தாங்கி பக்கம்தான், விரலை நீட்டுகிறது.

அப்புறம் டகோன் பக்கம் ஒரு பர்மிய சயாவிடம், அதாவது தொழில் ஆசானிடம், போனேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த சிலிண்டர் வெடிக்காமல் நின்றால் அதன் ராடில் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டில்) சுமை இல்லை, அதனால் தட்டலும் இல்லை. கிராங்க்கையே தாங்குகிற மெயின் பேரிங்காக இருந்தால் இவ்வளவு தெளிவாக ஒரே சிலிண்டரில் காட்டாது என்றார்.

அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கினோம். ராடு பேரிங் என்பது இரண்டு அரைவட்டத் தகடு, அதைத்தான் ஷெல் என்கிறோம். மூன்றாவது ராடின் மேல் ஷெல்லில் செம்பு நிறம் தெரிந்தது. மற்ற மூன்றும் மங்கிய சாம்பல் நிறம், கொஞ்சம் கீறல். இங்கேதான் சண்டை. கூட வந்த என் மச்சான், "மூணாவதை மட்டும் மாத்து, காசு மிச்சம்" என்கிறான். கடையில் இருந்த இன்னொருவர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். சயா யாருக்கும் பதில் சொல்லாமல் மைக்ரோமீட்டரை எடுத்தார். மூன்றாவது பின்னை (ராடு பூட்டுகிற கிராங்க் உருளையை) ஒரு பக்கம் அளந்தால் ஓர் அளவு, 90 டிகிரி தள்ளி அளந்தால் 0.06 மில்லிமீட்டர் குறைவு. முட்டை வடிவம். அதில் புது ஷெல் போட்டிருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? நான்கு பின்னையும் 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸுக்கு, அதாவது அவ்வளவு சிறிதாக்க, கிரைண்டிங் கொடுத்துவிட்டேன்.

உங்களில் யாராவது இதே இடத்தில் நின்றிருந்தால் எப்படி முடிவு செய்தீர்கள்?

மோல்மீன், லேத் பட்டறை

தம்பி, அளந்தது சரி. செம்பைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பெரும்பாலான டீசல் ஷெல் மூன்று அடுக்கு. வெளியே இரும்பு முதுகு, நடுவில் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, அதன்மேல் மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். செம்பு எட்டிப் பார்த்தால் பூச்சு தீர்ந்தது, அந்த ஷெல்லின் கதை முடிந்தது. ஆனால் நிறைய ஜப்பான் பெட்ரோல் இன்ஜின்களில் அலுமினிய ஷெல். அதில் செம்பு அடுக்கே கிடையாது, கடைசி வரை வெள்ளையாகவே இருக்கும். "செம்பு தெரியலையே" என்று திரும்ப மாட்டி, ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த ஒரு வண்டியை இங்கே பார்த்திருக்கிறேன்.

தேய்ந்த இடத்தையும் பாருங்கள். ஷெல்லின் ஓர் ஓரம் மட்டும் பளபளத்தால் ராடு வளைந்திருக்கலாம், அல்லது பின் ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருக்கலாம். சுற்றிலும் நீளக் கோடு என்றால் ஆயிலில் மண். முதுகுப்பக்கம் கருத்திருந்தால் ஷெல் சூடாகித் தன் இடத்தில் அசைந்திருக்கிறது. அப்போது ராடின் துளையையே அளக்க வேண்டும்.

எங்கள் அப்பா காலத்தில் இந்தப் பக்கத்து அரிசி மில் இன்ஜின்களில் ஷெல்லே கிடையாது. மிருதுவான பேரிங் உலோகமான ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, நீலம் தடவி ஒட்டுகிற இடம் பார்த்து, கையால் சுரண்டி உட்கார வைப்பார்கள். ராடுக்கும் அதன் கீழ் மூடியான கேப்புக்கும் நடுவில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். ஆட்டம் வந்தால் ஒரு தகட்டை உருவிவிட்டு முடுக்கினால் போதும், அடுத்த அறுவடை வரை ஓடும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாமல், ஷெல் போட்ட இன்ஜினிலும் கேப்பை அரம் வைத்து ராவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராவினால் துளையின் வட்டம் கெட்டுவிடும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை ஷெல்லுக்குப் பின்னால் வைக்கிற வித்தையும் அப்படித்தான். ஷெல்லின் முதுகு ராடோடு ஒட்டியிருந்தால்தான் சூடு வெளியே போகும். தாள் வைத்தால் சத்தம் ஒரு வாரம் அடங்கும். வண்டியை விற்கப் போகிறவன் செய்கிற வேலை அது.

பெகு, ஐஸ் கடை

என் கதை ஜெனரேட்டர் கதை. கரண்ட் போகிற நாட்களில் 8 மணி நேரம் ஓடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிப் பெருமையாக இருந்தேன். ஒருநாள் கணக்குப் போட்டேன். தினமும் கரண்ட் போகிற மாதத்தில் 240 மணி நேரம். மணிக்கு 30 மைல் போகிற வண்டியாக நினைத்தால் 7,200 மைல், அதுவும் ஒரே மாதத்தில். வயிறு கலங்கி உடனே பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

ஷெல் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மங்கல், கீறல். மெக்கானிக், பின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கிற பச்சை பிளாஸ்டிகேஜ் நூலை ஒரு துண்டு வைத்தார். அது 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரை காட்டும். எண்ணெய் பட்டால் நூல் கரைந்துவிடும் என்று பின்னைத் துடைத்து, கேப்பை மேனுவல் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முடுக்கி, கிராங்க்கைத் துளிகூடச் சுற்றாமல் திரும்பக் கழற்றினார். நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டால் 0.05. மேனுவல் சொல்கிற எல்லைக்குள் இருந்தது. கிராங்க்கை வேறு கோணத்தில் நிறுத்தி இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தார், முட்டை வடிவத்தை ஒரே தடவையில் பிடிக்க முடியாது என்று. அதே ஷெல்களை, எது எங்கே இருந்ததோ அங்கேயே, அதே பக்கம் பார்த்து மாட்டினோம். இரண்டு வருடமாக ஓடுகிறது. இப்போது 200 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன்.

மாண்டலே, டாக்சி

நான் ஐஸ் கடைக்காரருக்கு நேர் எதிர். கெட்டுப்போகாத பேரிங்கை மாற்றிக் கெடுத்தவன். ஹெட் வேலைக்குப் பிரித்தபோது "இதையும் மாத்திடுவோம்" என்று ஒரு செட் வாங்கினேன். பெட்டி என்னவோ அசல் மாதிரிதான் இருந்தது. டொயோட்டாவில் ஸ்டாண்டர்டு அளவிலேயே 1, 2, 3 என்று கனத்துக்கு ஏற்ற தரம் இருக்கும், ராடு கேப்பில் இருக்கிற எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைக்காரரும் கேட்கவில்லை. மாட்டி முடுக்கினால் கிராங்க் கையால் சுற்ற இறுக்கமாக இருந்தது. நல்லவேளை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே தெரிந்தது. பழைய ஷெல்லைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து மாட்டினேன். எது எந்த ராடில் இருந்தது என்று யோசித்து ஒரு மதியம் போயிற்று.

ரங்கூன், லைன் கார் ஓட்டுபவர்

எல்லோருக்கும் நன்றி. மோல்மீன் அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு மூன்றாவது ராடையும் கழற்றி லேத்தில் கொடுத்தேன். நேராகத்தான் இருக்கிறது. காரணம் வேறு இடத்தில் கிடைத்தது. முன்னே எப்போதோ சம்ப்பை மாட்டியவர் பேக்கிங் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார். உள்பக்கம் பிதுங்கிய பசை காய்ந்து, துண்டு துண்டாக விழுந்து, ஆயில் உறிஞ்சுகிற சல்லடையில் பாதியை அடைத்திருந்தது. சல்லடையைப் பார்க்காமல் ஷெல்லை மட்டும் மாற்றியிருந்தால் திரும்பவும் இங்கே வந்துதான் புலம்பியிருப்பேன்.

கிராங்க் வந்தது. ஆயில் வழிகளைக் கம்பி விட்டு, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மாட்டினோம். 500 மைலில் ஆயில் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்தேன். காந்தம் வைத்தால் போதாது, பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது என்று சயா முன்கூட்டியே சொல்லியிருந்தார். நாலைந்து புள்ளிகள் மின்னின. அடுத்த 1,000 மைலில் இன்னொரு தடவை வெட்டுவேன். மச்சான் அதற்குள் ஃபில்டர் காசை என் கணக்கில் எழுதிவிட்டான்.