ஏழு வாட்ச் இருக்கிறது, எட்டாவதாக எதை எடுக்கலாம்?

நொடிமுள்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் பெட்டியில் இப்போது ஏழு வாட்ச் இருக்கிறது. கேசியோ எஃப்-91டபிள்யூ, சதுர ஜி-ஷாக் ஒன்று, வெள்ளை டயல் சிட்டிசன் இகோ-டிரைவ், 37 மி.மீ. சீகோ 5, தண்ணீருக்குள் மூழ்குகிறவர்களுக்கான டைவர் வகை சீகோ எஸ்கேஎக்ஸ்007, அதே சீகோவில் இன்னொரு கறுப்பு டைவர், அப்புறம் அக்கா பரிசாகக் கொடுத்த மெல்லிசான குவார்ட்ஸ் ஒன்று.

இரண்டு மாதமாக மூன்று வாட்ச் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. முதலாவது, நீல டயல் டைவர், 41 மி.மீ. படத்தில் பார்த்த நாளிலிருந்து கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டாவது, கையால் சாவி கொடுக்கிற சின்ன வாட்ச், 37 மி.மீ., தோல் ஸ்ட்ராப்போடு. என்னிடம் சாவி வாட்ச் ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாவது, 1960களில் வந்த பழைய ஸ்விஸ் ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறுகிறது. விற்பவர் அனுப்பிய படங்களில் டயல் பளபளவென்று இருக்கிறது, இருட்டில் முள் நன்றாக ஒளிர்கிறது என்றும் சொல்கிறார்.

மூன்றையும் எடுக்க வசதியில்லை, ஒன்றுதான். என் மணிக்கட்டுச் சுற்றளவு 16.5 செ.மீ. இன்னொரு உறுத்தலும் உண்டு. எஸ்கேஎக்ஸை இரண்டு வாரம் கழித்துப் பெட்டியிலிருந்து எடுத்தால் நின்றுபோயிருக்கிறது, ஆட்டி ஆட்டி ஓடவைத்து நேரம், தேதி, கிழமை எல்லாம் வைத்துக் கட்டுவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது, அதனால் பல நாள் கேசியோவை மாட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இருப்பதையே கட்டாதவன் இன்னொன்று வாங்கலாமா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. நீங்கள் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பழையசாவி:

நொடிமுள், உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. நீல டைவர் வந்தால் அது உங்களுக்கு மூன்றாவது டைவர். ஏற்கெனவே இருக்கிற இரண்டும் செய்யாத எதை அது செய்யும்? நிறம் மட்டும்தான் வித்தியாசம் என்றால் ஒரு மாதத்தில் அந்தப் புதுமை போய்விடும், எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். 30 நாள், ராத்திரி வாட்சைக் கழற்றும்போது அன்றைக்கு எதைக் கட்டினோம் என்று காலண்டரில் ஒரு வார்த்தை எழுதிவையுங்கள். ஏன் கட்டினோம் என்பதையும் இரண்டு சொல்லில் எழுதினால் இன்னும் நல்லது. என்னிடம் பதினொன்று இருந்தபோது இதைச் செய்தேன். நான்கு வாட்ச் மட்டுமே 26 நாளை எடுத்துக்கொண்டன. மீதி ஏழில் நான்கை அந்த மாதம் தொடவே இல்லை. அதைவிட முக்கியம், நான் கட்டாததற்கு எழுதிவைத்த காரணங்கள்: "கனம்", "சட்டைக் கை மேலே ஏறவில்லை", "நின்றுபோச்சு", "கண்ணாடி கீறும் என்ற பயம்". இந்தப் பட்டியலைப் பார்த்தபிறகுதான் அடுத்து எப்படிப்பட்ட வாட்ச் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. அதுவரை எது வேண்டும் என்று படங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

தொடாத அந்த நான்கில் இரண்டைக் கைமாற்றினேன். ஒன்று போனதே தெரியவில்லை. இன்னொன்றை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன், அதனால் விற்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

லக்கு20:

அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பலர் கோட்டைவிடுவது அங்கேதான். 41 மி.மீ. என்று வாட்சின் குறுக்களவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை, அதாவது ஸ்ட்ராப் மாட்டுகிற லக்கின் நுனியிலிருந்து எதிர் நுனி வரை எவ்வளவு என்று பாருங்கள். உங்களிடம் இருக்கும் எஸ்கேஎக்ஸே நல்ல உதாரணம். அகலம் 42 மி.மீ.க்கு மேல், ஆனால் லக்குக்கு லக் 46 மி.மீ.தான், அதனால்தான் பெரிய வாட்சாக இருந்தும் சின்ன கையில் ஒட்டி உட்காருகிறது. 40 மி.மீ. என்று போட்டு லக் 50 மி.மீ. நீளும் வாட்சுகளும் உண்டு, அவை 16.5 செ.மீ. கையில் இரண்டு பக்கமும் பாலம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

மணிக்கட்டின் மேல்பக்கம் தட்டையாக இருக்கும் இடத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஓர் அட்டையில் லக்குக்கு லக் நீளத்தை வரைந்து வெட்டி, கையில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். நான் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறேன், இரண்டு தவறான வாட்சை இந்த அட்டை தடுத்திருக்கிறது.

கனமும் பாருங்கள். 13 மி.மீ. தடிமனுக்கு மேல் போனால் பொத்தான் போட்ட சட்டைக் கைக்குள் போகாது. சாவி வாட்ச் இதில் ஜெயிக்கும். சீகோ என்எச்35 ஆட்டோமேட்டிக் மெஷின் மட்டுமே 5.32 மி.மீ. உயரம். பெசோ 7001 என்கிற சாவி மெஷின் 2.5 மி.மீ.தான். சாவி ஏற்றச் சுற்றுகிற எடைத் தகடான ரோட்டரும் அதன் பற்சக்கரங்களும் இல்லாதது அதற்கு ஒரு காரணம்.

தைலச்சொட்டு:

நான் வாட்ச் பழுது பார்க்கிறவன், அதனால் என் கண் வேறு இடத்துக்குப் போகிறது. மெக்கானிக்கல் வாட்ச் ஒன்று சேர்த்தால் கூடவே ஒரு சர்வீஸும் சேருகிறது, அதை மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய் வாட்ச் பெட்டியில் தூங்கினாலும் காலப்போக்கில் கெட்டியாகும், பரவும், காயும். ஐந்து, ஆறு வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் விட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இப்போது மூன்று ஆட்டோமேட்டிக் இருக்கின்றன.

குவார்ட்ஸ் என்றால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அக்கா கொடுத்த அந்த மெல்லிசு வாட்சை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறீர்கள்? முள் நின்ற பிறகும் செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து, தொடும் இடம் பச்சை பூத்து, முடி மாதிரி இருக்கும் கம்பிச் சுருள் அறுந்துபோகும். வாரத்துக்கு ஒன்றாவது இப்படி என் மேஜைக்கு வருகிறது, பெரும்பாலும் யாரோ ஆசையாகக் கொடுத்த வாட்சாகத்தான் இருக்கும். நின்ற உடனே செல்லை எடுத்துவிடுங்கள். இகோ-டிரைவை மூடிய பெட்டியில் வைக்காதீர்கள், வெளிச்சம்தான் அதற்குச் சாப்பாடு, ஜன்னல் பக்கம் அலமாரியில் டயல் வெளியே தெரியும்படி வையுங்கள்.

இப்போது அந்தப் பழைய ஸ்விஸ் வாட்ச். நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: "இருட்டில் முள் நன்றாக ஒளிர்கிறது." 1960களில் முள்ளிலும் டயலிலும் பூசியது ரேடியம் அல்லது டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். அறுபது வருடத்தில் அது கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்காகிவிடும், போதாததற்கு அதோடு கலந்த ஒளிப்பொருளும் சோர்ந்துபோயிருக்கும். ரேடியம் என்றால் கதிர்வீச்சு அப்படியே இருக்கும், அதன் அரை ஆயுள் 1600 வருடம், ஆனால் ஒளிப்பொருள் எப்போதோ செத்திருக்கும். ஆக, அந்தக் காலத்து வாட்ச் இன்றைக்குப் பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ பின்னாளில் புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பூசியது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

டயலின் கீழ் ஓரத்தை, 6 மணிக்குக் கீழே, 10 மடங்கு லென்ஸ் வைத்து எடுத்த படம் கேளுங்கள். எழுத்தின் ஓரம் கூராக இருக்க வேண்டும். மறுபடி பெயிண்ட் அடித்த டயலில் எழுத்து தடித்து, கால்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குச்சிகளுக்கு நேராக வராமல் ஒரு முடி தள்ளி நிற்கும். எனக்கே ஒருமுறை இப்படி வந்தது. மூலமானது என்று சொல்லி விற்றவரிடம் படம் கேட்காமல் வாங்கி, வீட்டில் லென்ஸுக்கு அடியில் வைத்தால் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது. அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் நல்ல மெஷின், அதனால் வைத்திருக்கிறேன். ரேடியம் பூசிய வாட்ச் என்று சந்தேகம் வந்தால் வீட்டில் பின்மூடியைத் திறக்காதீர்கள், உதிரும் தூள் மூச்சில் போகக் கூடாது.

நீலடயல்:

மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஒரே வகையில் பத்து வைத்திருப்பதும் சேகரிப்புதான். என்னிடம் டைவர் மட்டுமே ஒன்பது இருக்கிறது, டயலைச் சுற்றித் திருப்புகிற வளையமான பெசலின் கிளிக் சத்தம் ஒவ்வொன்றிலும் வேறு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு மாதம் ஆகியும் ஒரு வாட்ச் மனதை விட்டுப் போகவில்லை என்றால் அது வெறும் சபலம் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை, நேரில் பாருங்கள். நீல டயலைப் படத்தில் நம்பவே கூடாது. கடை விளக்கில் மயில் கழுத்து மாதிரி மின்னும், அறைக்குள் வந்தால் கறுப்பாகிவிடும். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பாருங்கள். நிழலிலும் பிடித்தால் எடுங்கள்.

அப்புறம் எஸ்கேஎக்ஸ் தொந்தரவுக்கு ஒரு வழி: அதில் இருக்கும் 7எஸ்26 மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்கவும் முடியாது, நேரம் வைக்கும்போது நொடிமுள்ளும் நிற்காது. அதை எடுத்துவிட்டு சீகோவின் 4ஆர்36 மெஷினைப் போட்டால் இரண்டும் கிடைக்கும், கிழமை தேதியும் அப்படியே இருக்கும். புதிது வாங்காமல் புது வாட்ச் கட்டிய மாதிரி ஆகும்.

தைலச்சொட்டு:

நீலடயல் சொன்னது நடக்கும், நானே செய்து கொடுத்திருக்கிறேன். திறந்த பிறகு தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட் வளையத்தை மாற்றி, தண்ணீர்ச் சோதனை செய்துதான் வாங்க வேண்டும். இல்லையென்றால் பின்மூடியில் 200 மீட்டர் என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமில்லை.

நொடிமுள்:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். பழையசாவி அண்ணன் சொன்னபடி 30 நாள் எழுதினேன். கேசியோ 11, சீகோ 5 ஒன்பது, இகோ-டிரைவ் 6, எஸ்கேஎக்ஸ் 3, ஜி-ஷாக் 1. இன்னொரு டைவரும் அக்கா கொடுத்ததும் பூஜ்யம். அக்கா வாட்ச் நின்றுபோயிருந்தது, அன்றைக்கே செல்லை எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன், கசியவில்லை, புதுச் செல் போட்டு ஓடுகிறது. தைலச்சொட்டு ஐயாவுக்கு இதற்காகவே தனியாக நன்றி.

காரணங்களைப் படித்தால் "லேசு", "சின்னது" என்ற இரண்டு சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இது எனக்கே தெரியாது, நான் பெரிய வாட்ச் பிரியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீல டைவரை நேரில் பார்த்தேன், வெயிலில் அவ்வளவு அழகு, நிழலிலும் பிடித்தது. ஆனால் லக்குக்கு லக் 49 மி.மீ., அட்டையை ஒட்டிப் பார்த்தபோதே கை அசைத்தால் இடித்தது. பழைய வாட்ச் விற்பவரிடம் லென்ஸ் படம் கேட்டேன், பிறகு பதிலே இல்லை.

எனவே சாவி வாட்ச்தான். கறுப்பு டைவரைத் தம்பிக்குக் கொடுக்கிறேன், அவன் நீச்சல் போகிறவன், பயன்படும். கடைசிச் சந்தேகம் ஒன்று: அதே மாடல் தேதியோடும் வருகிறது, தேதி இல்லாமலும் வருகிறது. எது?

தைலச்சொட்டு:

தேதி இல்லாதது. சாவி வாட்ச் இரண்டு நாள் கட்டாவிட்டால் நிற்கும், தேதி இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதையும் திருப்பவேண்டும். பல மெஷின்களில் ராத்திரி 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் நடுவில் முள் இருக்கும்போது தேதியை வேகமாகத் திருப்பினால் பல் உடையும். இரண்டு வேலையும் உங்களுக்கு மிச்சம்.

சாவியைக் கையில் கட்டியபடி கொடுக்காதீர்கள், தண்டு பக்கவாட்டில் அழுந்தும். கழற்றி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாக, காலையில் ஒரே நேரத்தில். இறுகுவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நொடிமுள்:

தேதி இல்லாததையே எடுத்தேன், கட்டி ஆறு நாள் ஆகிறது. இறுகுவதற்கு எனக்கு 32 திருப்பு வருகிறது, கடைசி நான்கில் விரலுக்கே தெரிகிறது, கிரவுன், அதாவது சாவி கொடுக்கும் திருகு, கொஞ்சம் கெட்டிப்படுகிறது. காதில் வைத்தால் நொடிக்கு ஆறு தட்டு. ஆறு நாளில் 40 நொடி வேகம், அதாவது ஒரு நாளைக்கு ஏழு நொடிக்குள். இந்த வாரம் கேசியோவைத் தொடவில்லை.

பழையசாவி:

வாழ்த்துகள் தம்பி. ஏழு நொடி என்பது சர்வீஸுக்கு ஓடவேண்டிய கணக்கில்லை. ராத்திரி டயல் மேலே பார்க்கிற மாதிரி வைக்கிறீர்களா, கிரவுன் கீழே வருகிற மாதிரி சாய்த்து வைக்கிறீர்களா? ஒவ்வொரு நிலையிலும் மூன்று ராத்திரி வைத்துக் குறித்துப் பாருங்கள், பல வாட்ச் ஏதாவது ஒரு நிலையில் கொஞ்சம் மெதுவாகும். அந்த நிலையில் வைத்தாலே அந்த வேகம் கொஞ்சம் தானாகக் குறையும்.