வீடியோ கேம் பெட்டியை நட்டத்துக்கு விற்றுவிட்டுச் சந்தாவில் சம்பாதிப்பது எப்படிக் கட்டுப்படியாகிறது?

அடக்கவிலை, கோயம்புத்தூர்:

பம்ப்செட் செய்யும் பட்டறை ஒன்றில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அடக்க விலை போடுவதுதான் என் வேலை. வார்ப்பு, செம்புக் கம்பி, கூலி, மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு மோட்டார் 6,200 ரூபாய்க்கு அடங்குகிறது என்று வையுங்கள். அதை 6,000க்கு விற்கலாம் என்று முதலாளியிடம் சொன்னால் அடுத்த மாதம் என் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

அக்காள் மகன் பத்தாம் வகுப்பில் 480 எடுத்தால் வீடியோ கேம் பெட்டி வாங்கித் தருவதாக வாயை விட்டுவிட்டேன். 483 எடுத்துவிட்டான். காதுகுத்துக்குச் சீர் சுமந்த தாய்மாமன் இதில் பின்வாங்க முடியாது. கடையில் வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒன்றைக் காட்டினார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். டிஸ்க் போடும் வாயே அதில் இல்லை. "இருப்பதிலேயே இதுதான் மலிவு சார். பெட்டியில் கம்பெனிக்கு நட்டம்தான், சந்தாவில்தான் எடுக்கிறார்கள்" என்றான் கடைப்பையன். விற்பனைக்காரன் பேச்சு என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு பெட்டிக்கு நட்டம் என்றால் பத்து லட்சம் பெட்டிக்குப் பத்து லட்சம் மடங்கு நட்டம்தானே?

பிரிண்டரும் மையும், ரேசரும் பிளேடும் கதை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். எண்ணாகச் சொல்லுங்கள்.

ஆஸ்டின் தமிழன்:

கடைப்பையன் சொன்னது உண்மை. 2021 மே மாதம் எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், எக்ஸ்பாக்ஸ் செய்யும் மைக்ரோசாஃப்டின் அதிகாரி லோரி ரைட் சாட்சி சொன்னார். எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்றதில் எப்போதாவது லாபம் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். 2022 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் அப்போதைய தலைவர் ஃபில் ஸ்பென்சர், ஒரு பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை தாங்கள் கையிலிருந்து போடுவதாகவே சொன்னார்.

இனி உங்கள் தொழில். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இணையக் கடையில் 70 டாலர் விளையாட்டு ஒன்றை வாங்கினால், வழக்கமான 30 சதவீதக் கழிவில் 21 டாலர் அவர்களிடம் தங்கும். 100 டாலர் நட்டத்தை ஐந்து விளையாட்டுகள் அடைத்துவிடும். 200 என்றால் பத்து. ஒரு பெட்டி வீட்டில் ஆறேழு வருடம் கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் பணம் கட்டி விளையாட்டுகளை ஆடும் சந்தாவுக்கு என் கணக்கையே தருகிறேன். 2020 நவம்பரில் பெட்டியையும் சந்தாவையும் ஒன்றாகத் தவணையில் எடுத்தேன். மாதம் 24.99 டாலர், 24 மாதம், வட்டி இல்லை. ஆக மொத்தம் 599.76. தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டி 299.99, சந்தா மாதம் 14.99 என்று 659.75 ஆகியிருக்கும். அறுபது டாலர் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று மனைவியிடம் அளந்துகொண்டிருந்தேன். 24 மாதம் முடிந்தது. பெட்டி என்னுடையது. ஆனால் சந்தாவில் வரும் விளையாட்டுகள் சந்தா நின்றால் திறக்காது. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, எடுக்கும்போதே தெரிந்ததுதான். அந்தச் சந்தா 2025 அக்டோபரில் 29.99 ஆனது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் தினமும் விளையாடுகிறார்கள், கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சந்தாப் பணம் முழுவதும் லாபம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் 3 கோடியே 40 லட்சம் சந்தாதாரர்கள் என்று அறிவித்தார்கள். அவர்களுக்குத் தீனி போட விளையாட்டுகள் வேண்டும். ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தை வாங்க மட்டும் 6,870 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். பெட்டி நட்டம் அதன் பக்கத்தில் சில்லறை.

நிண்டெண்டோ கட்சிக்காரன்:

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 2017இல் வந்த நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் பெட்டி முதல் நாளிலிருந்தே நட்டத்தில் விற்கப்படவில்லை. அதற்கு முந்தைய வீ யு நட்டத்தில் விற்றதுதான், ஆனால் ஒரே ஒரு விளையாட்டு வாங்கினால் கணக்கு நேராகிவிடும் என்று அவர்களே சொன்னார்கள். சோனியும் 499 டாலர் பிளேஸ்டேஷன் 5 இனி நட்டத்தில் இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது.

பழைய கேம் சென்டர், கும்பகோணம்:

தம்பி, நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. அந்தக் கணக்கைக் கெடுத்த பக்கத்து ஆள். அதனால் சொல்கிறேன்.

2007 முதல் 2013 வரை மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் கேம் சென்டர் வைத்திருந்தேன். நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன் 2, மணிக்கு 20 ரூபாய். நான்கிலும் நகல் டிஸ்க் ஓடுவதற்கான சிப் போட்டிருந்தது. டிஸ்க் எல்லாம் சென்னையிலிருந்து வரும் நகல், ஒன்று 50 ரூபாய். பள்ளிக்கூடம் விட்டால் வாசலில் சைக்கிள் வைக்க இடம் இருக்காது. ஆறு வருடத்தில் அந்த நான்கு பெட்டியிலிருந்தும் கம்பெனிக்கு ஒரு காசு போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறவன்தான் இந்த வியாபாரத்துக்குச் சனி. 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது 599 டாலர் பெட்டிக்குள் 840 டாலர் சாமான் இருக்கிறது என்று ஐசப்ளை நிறுவனம் பிரித்துப் பார்த்துச் சொன்னது. இவ்வளவு மலிவாக இவ்வளவு வேகமான கணினி வேறெங்கே கிடைக்கும்? அமெரிக்க விமானப்படை 1,760 பெட்டிகளைக் கோத்து 2010இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டிவிட்டது. அதில் யாரும் விளையாடவில்லை. விளையாட்டு வாங்கவும் இல்லை. அந்த வகையில் விமானப்படையும் நானும் ஒரே ரகம். அதே வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி, பெட்டியில் வேறு இயங்குதளம் போடும் வசதியைச் சோனி எடுத்துவிட்டது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள்.

இப்போது உங்கள் வெள்ளைப் பெட்டிக்கு வருகிறேன். விலையைப் பார்த்தீர்கள், சந்தாவைப் பார்த்தீர்கள். "வாயே இல்லை" என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கடையை மூடிய பிறகு வீட்டிலிருந்து பழைய டிஸ்க் வாங்கி விற்கிறேன். அசல் டிஸ்க்தான், இப்போது திருந்திவிட்டேன். நோட்டு போட்டு எழுதுவேன். ஒரு கால்பந்து டிஸ்க்கின் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதல் பையன் புதிதாக 4,999க்கு வாங்கினான். அப்புறம் 3,600, 2,900, 2,400, 1,900, 1,500. கடைசி வரி 1,100. உறையின் ஓரம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது, டிஸ்க்கில் ஒரு கீறல் கிடையாது. ஏழு பேர் விளையாடியிருக்கிறார்கள். கம்பெனி விற்றது ஒன்று.

வாய் இல்லாத பெட்டியில் இந்தப் பக்கமே கிடையாது. ஏழு பேரும் அந்த ஒரே கடைக்குத்தான் போக வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. அல்லது மாதாமாதம் சந்தா. டிஸ்க் ஓட்டும் கருவியை எடுத்துவிட்டால் அடக்கவிலையில் கொஞ்சம் குறையும் என்பது சரி. ஆனால் 2021இல் பிளேஸ்டேஷன் 5 இங்கே வந்தபோது வாய் உள்ளது 49,990, இல்லாதது 39,990. ஒரு டிஸ்க் கருவிக்கா பத்தாயிரம்? உங்களைத் தங்கள் கடைக்குள்ளேயே இருக்கச் சொல்லி முன்பணம் தருகிறார்கள். மருமகன் வருடத்துக்கு மூன்று விளையாட்டு வாங்கி, முடித்ததும் விற்கிற ஆள் என்றால் அந்தப் பத்தாயிரம் ஒன்றரை, இரண்டு வருடத்தில் திரும்பிவிடும்.

மாறாக அவன் ஒன்றை இரண்டு நாள் ஆடிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற ரகம் என்றால் சந்தாதான் லாபம், டிஸ்க் வாங்கிக் கட்டாது. எந்த ரகம் என்று முதலில் அவனைக் கேளுங்கள். என்னிடம் வந்த பையன்களில் பாதிப் பேர் ஆறு வருடமும் ஒரே கிரிக்கெட்டைத்தான் ஆடினார்கள்.

அடக்கவிலை, கோயம்புத்தூர்:

எல்லோருக்கும் நன்றி. கும்பகோணத்து அண்ணன் சொன்ன பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டேன். நான் பெட்டியைப் பொருளாக எடுத்து அடக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் புத்தகத்தில் பொருள் என் மருமகன். பெட்டி அவனைப் பிடிக்கிற செலவு. விளம்பரச் செலவு வரிசையில் எழுத வேண்டியதை நான் கொள்முதலில் எழுதிவிட்டேன்.

நேற்று அக்காள் வீட்டுக்குப் போய் அவனைக் கேட்டேன். கால்பந்துதான், வேறு எதுவும் வேண்டாமாம். வகுப்பில் மூன்று பேரிடம் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் இருக்கிறதாம், மாற்றி மாற்றி ஆடுவதாக முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். "அப்படியானால் கடையில் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தபோது ஏன்டா சும்மா இருந்தாய்?" என்றேன்.

"மாமா மலிவானதைத்தான் வாங்குவார், வாயைத் திறக்காதே என்று அம்மா சொன்னாள்" என்றான்.

அக்காள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறோம். அண்ணா, அந்த 1,100 ரூபாய் டிஸ்க் இன்னும் இருக்கிறதா?