எக்ஸ்காம்: எனிமி அன்நோன் – இந்தியா கைவிட்டுப் போய்விட்டது, மற்ற நாடுகளையாவது காப்பாற்ற உதவுங்கள்

நாகர்கோவில்_கமாண்டர்:
வணக்கம் மக்களே. ஏலியன்களிடமிருந்து உலக நாடுகளைக் காக்கும், 2012-ல் வந்த இந்த கேமை இப்போதுதான் முதல்முறை ஆடுகிறேன். நார்மல் கடினம், ஒரே சேவ் மட்டும் உள்ள அயர்ன்மேன் முறை. அதனால் பழைய சேவ் எடுத்துத் திரும்ப ஆட வழியில்லை. சண்டை பரவாயில்லை, நம்ம ஊர்ப் பேர்களை வைத்த சோல்ஜர்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆனால் நமக்குப் பணம் தரும் நாடுகளின் கவுன்சிலிலிருந்து, மே மாத அறிக்கையில் இந்தியா வெளியேறிவிட்டது. ரொம்ப வருத்தமாக இருக்கிறது. இப்போது ஜூன் 4. பீதி அளவில் ஜப்பானும் சீனாவும் உச்சமான சிவப்பில், எகிப்து நான்கு கட்டம். சாட்டிலைட் நான்கு பறக்கிறது, அவற்றை இயக்கும் அப்லிங்க் கட்டடம் இரண்டும் நிரம்பிவிட்டது. கையில் 210 பணம். ஏலியன் பேஸுக்குள் நுழைய வேண்டிய ஸ்கெலட்டன் கீ தயார், ஆனால் அங்கே போகப் பயம். என்ன செய்யலாம்?

தக்கலை_ஸ்னைப்பர்:
போன நாடு திரும்பாது தம்பி. எட்டு நாடு போனால்தான் தோல்வி, அதனால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு அப்லிங்க் இரண்டு சாட்டிலைட் தாங்கும். இரண்டு அப்லிங்க் ஒட்டி இருந்தால் கூடுதலாக ஒன்று. உங்களுக்கு நான்கிலேயே நிரம்பிவிட்டது என்றால் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறீர்கள். மூன்றாவதை ஏதாவது ஒன்றின் பக்கத்திலேயே கட்டுங்கள். அதற்கு 14 நாள், சாட்டிலைட்டுக்கு 20 நாள். இரண்டையும் இன்றைக்கே தொடங்கினால் 24-ம் தேதி கையில் இருக்கும். பணம் பத்தாவிட்டால் உடைந்த யூஎஃப்ஓ பாகங்களை கேமில் உள்ள கிரே மார்க்கெட் சந்தையில் விற்றுவிடுங்கள், அவை வேறு எதற்கும் உதவாது.

நாகர்கோவில்_கமாண்டர்:
சரி அண்ணே, 24-ம் தேதியே ஜப்பானுக்கு ஏவிவிடவா?

தக்கலை_ஸ்னைப்பர்:
அங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறோம். ஏவியதும் அந்த நாட்டில் பீதி இரண்டு கட்டம் குறையும். அவசரப்பட்டு ஏவிய பிறகு வேறு நாடு சிவந்தால் கையில் ஒன்றும் இருக்காது. நாடுகள் தரும் பணமும் மாதக் கடைசியில்தான் வரும், காத்திருந்தால் நஷ்டமில்லை. 29, 30 வரை வைத்திருங்கள்.

குளச்சல்_ஹெவி:
பேஸை ஏன் யாரும் சொல்லவில்லை? அதைப் பிடித்தால் எல்லா நாட்டிலும் பீதி குறையும். ஜப்பான், சீனா இரண்டையும் ஒரே அடியில் சிவப்பிலிருந்து இறக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதையும் 27, 28 வாக்கில் செய்யுங்கள். உள்ளே கிரிசலிட் என்ற ஏலியன் ஓடி வந்து கடிக்கும், ஷாட்கன் ஆள் இருவரை ஓவர்வாட்சில், அதாவது எதிரி நகர்ந்தால் சுடத் தயாராக, முன்னால் நிறுத்துங்கள். கடைசி அறையில் செக்டாய்டு கமாண்டர் நம்ம ஆளின் மனதையே பிடித்துக்கொள்ளும், வில் (Will) எனும் மன உறுதி அதிகமுள்ளவர்களைக் கூட்டிப் போங்கள். பாதி மறைவு 20 பாதுகாப்புப் புள்ளி தரும், முழு மறைவு 40. முழு மறைவு இல்லாத இடத்தில் நிற்காதீர்கள்.

நாகர்கோவில்_கமாண்டர்:
ஜூலை 1 ஆகிவிட்டது. 28-ம் தேதி பேஸைப் பிடித்தேன். இரண்டு சாட்டிலைட்டில் ஒன்று ஜப்பானுக்கு, மற்றது எகிப்துக்கு, இரண்டும் 30-ம் தேதிதான் ஏவினேன். ஒரு நாடும் வெளியேறவில்லை! கமாண்டர் அறையில் முட்டம் என்று பேர் வைத்த ஸ்னைப்பர் மட்டும் இறந்துவிட்டான். முதல் மிஷனிலிருந்து கூட வந்தவன். குளச்சல் அண்ணே சொன்ன முழு மறைவு அவனுக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் நன்றி.