மழைத்தண்ணீர் இறைக்கும் டிராக்டருக்கு எந்த டயர்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பம்புசெட் வாடகை, மாதவரம்
ஐப்பசி பிறந்தால் பம்பு கட்டிய டிராக்டர்கள் சென்னைக்குள் வரத் தொடங்கிவிடும். பம்பு எத்தனை எச்.பி., ஹோஸ் எத்தனை இன்ச் என்று எல்லாரும் கேட்கிறார்கள், டயரை யாரும் கேட்பதில்லை. 45 எச்.பி. வண்டி, டயர் அளவு பின்னால் 13.6-28, முன்னால் 6.00-16. பின்டயர் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. நெல் வயலுக்குப் போடும் உயரப் பட்டன் (டயர் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டை) டயர் போடலாமா, சாதா டயரே போதுமா?

டயர் கடை, செங்குன்றம்
வயல் டயர் வேண்டாம் அண்ணே. அதன் பட்டன் சாதா டயரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். சேற்றில் இறங்கிப் பிடிக்கத்தான் அந்த உயரம். வேளச்சேரியிலோ புளியந்தோப்பிலோ தண்ணீருக்கு அடியில் இருப்பது தாரும் சிமெண்டும். அங்கே பட்டன் இறங்க இடமில்லை. ஒவ்வொன்றும் வளைந்து வளைந்து நிமிரும், நுனி சூடாகித் தேயும், வண்டி ஆடும். தரையைத் தொடும் ரப்பரும் குறைவு என்பதால் ஈரத் தாரில் பிரேக் அடித்தால் இழுத்துக்கொண்டு போகும்.

டிரெய்லர் இழுவைக்கென்று வரும் மாடலைக் கேளுங்கள். அதில் இரண்டு பக்கப் பட்டனும் நடுவில் நீண்டு ஒன்றையொன்று தாண்டி நிற்கும், ரோட்டில் தடதடப்பு குறையும். 12 பிளை எடுங்கள், பிளை என்பது டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான அளவு. பம்பு, டீசல், ஹோஸ் என்று சுமந்து ஓடும் வண்டியில் பிளை குறைந்தால் முதலில் போவது பக்கச்சுவர்தான். பழைய டயரில் பாதிப் பட்டன் மிச்சம் இருந்து, பக்கச்சுவரில் வெடிப்பும் இல்லையென்றால், தார் ரோட்டு வேலைக்கு அதுவே நன்றாக ஓடும். பட்டன் குட்டையாகிவிட்டதால் புது டயர் அளவுக்கு ஆடாது. புதுசை நவரை நெல் பட்டத்து உழவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது காற்று. பாதி தகராறு இங்கேதான். வயலில் 12, 14 பவுண்டு (பி.எஸ்.ஐ.) காற்றில் உழுத வண்டியை அப்படியே ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள். ரோட்டு வேலைக்குப் பின்டயரில் 18 முதல் 20, முன்டயரில் 28 முதல் 32 பவுண்டு வேண்டும்; கையேட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. காற்று குறைந்தால் டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. பாரத்தோடு கிளட்சைச் சட்டென்று விட்டால் ரிம் சுற்றும், டயர் அங்கேயே நிற்கும். டியூப் டயரோடு நின்றுவிட, ரிம் ஓட்டையில் மாட்டிய வால்வு முதலில் சாயும், பிறகு அடியோடு பிய்ந்துவிடும். டயருக்கும் ரிம்முக்கும் சேர்த்துக் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு உடைந்து ஒரு விரல் தள்ளி நின்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, காற்றை இறக்கி, டயரை ரிம்மிலிருந்து தட்டி விடுவித்து, டியூப்பை நேராக்கி மறுபடி ஏற்றுங்கள்.

டிராக்டர் மெக்கானிக், செங்கல்பட்டு
தாருக்கு அண்ணன் சொல்வது சரி. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் புது மனைப்பிரிவுகளில் ரோடே மண்தான். அங்கே பாதி தேய்ந்த டயர் களிமண்ணை அப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்கும் வயல் டயர் தேவையில்லை, முழுப் பட்டன் உள்ள சாதா டயரும் எடையும் போதும். சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம், அதாவது கேஜ் வீல், அந்த நினைப்பே வேண்டாம், போகிற வழியில் தார் ரோட்டைக் கிழித்துவிடும்.

எடைக்கு டயரில் தண்ணீர் விடலாம். ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை விட்டால் முக்கால் அளவு. 13.6-28க்கு ஒரு டயரில் சுமார் 170 லிட்டர், அதாவது 170 கிலோ. டியூப்பில் காற்று, தண்ணீர் இரண்டும் விட ஏற்ற டிஆர் 218ஏ வால்வு இருக்க வேண்டும். பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மிச்ச இடம் சின்னது, பவுண்டு சடாரென்று ஏறிவிடும். முழுக்கத் தண்ணீரால் நிரப்பினால் டயர் அமுங்க வழியில்லாமல் பள்ளத்தில் அடி வாங்கும். உப்பு போர் தண்ணீர் வேண்டாம், டியூப் கசிந்தால் ரிம் உள்ளுக்குள்ளேயே துருவேறும்.

ஆனால் பம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் கருவி மாட்டும் லிங்கில் தொங்கினால் பின்பக்கம் ஏற்கெனவே பாரம், டயரில் தண்ணீர் வேண்டாம். முன்னால் எடைக்கட்டி மாட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் முன்சக்கரம் நேராகவே போகும். பம்பு டிரெய்லரில் இருந்தால் மட்டும் தண்ணீர்.

ஆழத்தில் காற்று டயர் மிதக்கப் பார்க்கும், பிடிப்பு போய்விடும். பின்சக்கர மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 2 அடி, முன்சக்கர மையம் 1 அடிக்குக் கொஞ்சம் மேலே. அந்த 1 அடியைத் தாண்டும் இடத்தில் இறக்காமல் மேட்டில் நிறுத்தி ஹோஸை நீட்டுவது நல்லது. முன் ஹப் (சக்கர மையத்தில் பேரிங் இருக்கும் பகுதி) மூழ்கிவிட்டால் அன்றைக்கே கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால் நிறமாகியிருந்தால் கழுவிவிட்டுப் புது சீல், புது கிரீஸ்.

டிரைவர், தாம்பரம்
முன்டயரை மறந்துவிட்டீர்கள். நடுவில் சுற்றி ஓடும் ரப்பர் வரி தேய்ந்த முன்டயர் ஈரத்தில் திரும்பாது. உடைந்த வடிகால் மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி கிழிப்பதும் பெரும்பாலும் முன்டயரைத்தான். கரண்ட் நிறுத்தியாகிவிட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, ஒருவர் கம்பு ஊன்றிப் பார்த்தபடி முன்னால் நடக்க, வண்டி பின்னால் போக வேண்டும்.

பம்புசெட் வாடகை, மாதவரம்
தெளிவாகிவிட்டது. பனி தள்ளும் டிராக்டர்களில் கட்டம் கட்டமாக டயர் போட்டு, சங்கிலியும் சுற்றுகிறார்களே, அது இங்கே எடுபடுமா?

டயர் கடை, செங்குன்றம்
எடுபடாது அண்ணே. இறுகிய பனியில் பிடிப்பு தருவது ரப்பரின் விளிம்பு. அதனால் கட்டங்களை அதிகமாக்கி, கட்டத்துக்குள்ளும் மெல்லிய வெட்டுகள் விடுவார்கள். ரப்பரும் குளிரில் விறைக்காத மென்மையான ரகம், நம் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். வெறும் தாரில் சங்கிலி ஓடினால் ரோடும் போகும், சங்கிலியும் போகும். அங்கே டயருக்குள் விடும் தண்ணீர் உறையாமல் இருக்க கால்சியம் குளோரைடு கலப்பதுண்டு, கசிந்தால் ரிம்மை அரிக்கும். நமக்கு நல்ல தண்ணீரே போதும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் 4 இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பின்டயர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி வண்டி முன்னால் போகும் திசையில் சுழல வேண்டும். புது டயருக்குள் பழைய டியூப் போடாதீர்கள். அது விரிந்து பெரிதாகியிருக்கும், உள்ளே மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே பிளக்கும்.