121-ஆம் பாடத்தில் தடுக்கி நின்றேன்: மன்னிப்புப் பயிற்சி அனுபவங்கள்

புதுகை வாசகி:
‘எ கோர்ஸ் இன் மிராக்கிள்ஸ்’ என்பது மன்னிப்பைக் கற்பிக்கும் ஆன்மிக நூல். நாளுக்கொரு பாடமாகச் செல்லும் அதன் பயிற்சி நூலின் 121-ஆம் பாடத்தை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். பிடிக்காத ஒருவரைக் கண்மூடி மனத்தில் நிறுத்தி, அவரிடம் எங்கேனும் ஒரு சிறு ஒளியைத் தேட வேண்டிய இடத்தில் எனக்கு என் சித்தியின் முகம் வந்தது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவின் வைரத்தோட்டையே காதில் போட்டுக்கொண்டு வந்து, “அக்காதான் எனக்குக் கொடுத்தாள்” என்றவர் அவர். அந்த முகத்தில் வெகுநேரம் தேடியும் ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில் ஏதோ மினுங்கியது. கூர்ந்து பார்த்தால், அந்தத் தோடு! பயிற்சிக்கு நடுவிலேயே சிரித்துவிட்டேன், சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்த மினுக்கத்தையே சித்தியின் உருவம் முழுவதும் பரப்பிப் பார்த்தேன். ஓரளவு பரவவும் செய்தது. ஆனால் அதே ஒளியை நண்பர் ஒருவர்மேல் காண வேண்டிய அடுத்த படியில், எந்தத் தோழியை நினைத்தாலும் அவள் காதிலும் அம்மாவின் தோடுதான் தெரிகிறது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
முதலில் தோட்டைக் கேட்டு வாங்குங்கள், மன்னிப்பு பிறகு வரட்டும். சென்னை திருமுடிவாக்கத்தில் நான் இருந்த விபாசனா தியான முகாமின் பத்தாம் நாளில், எல்லா உயிர்க்கும் நலம் நினைக்கும் மெத்தா பயிற்சியைக் கற்றுத் தந்தார்கள். வியாபாரத்தில் கணக்கை மறைத்த என் பழைய கூட்டாளியும் நலமாக இருக்கட்டும் என்று நினைத்த கணத்திலேயே எனக்கு முதுகு தீயாகச் சுட்டது. மனம் கொந்தளிக்கும்போது மெத்தா வேண்டாம், உடலின் உணர்வைக் கவனித்தால் போதும் என்பது அங்கே தரப்படும் அறிவுரை என்பதால், கூட்டாளியை விட்டுவிட்டு முதுகைக் கவனித்தேன், சூடு தணிந்தது. அவர்மேல் தொடுத்த வழக்கை இன்றுவரை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் நீதிமன்ற வராண்டாவில் அவரைக் கண்டால் வணக்கம் சொல்ல முடிகிறது.

குறள்நேசன்:
கணக்கர் ஐயா, அது நல்ல பண்பு. மன்னிப்பு என்று கொள்ள எனக்குத் தயக்கம். “பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று” என்கிறது 152-ஆம் குறள். பிறர் செய்த தீங்கைப் பொறுப்பதைவிட அதை மறப்பது நல்லது என்பது பொருள். வாய்தாத் தேதியைக் குறித்து வைத்திருப்பவர் எப்படி மறப்பார்? என்னைப் பொய்ப்புகாரில் சிக்கவைத்த மேலதிகாரியைப் பல ஆண்டுகள் கழித்து மருந்துக்கடை வரிசையில் பார்த்தேன். அவருக்கு என் பெயரே நினைவில் இல்லை.

சகோதரிக்குச் சில யோசனைகள். நீங்கள் 134-ஆம் பாடத்துக்கு வரும்போது இதே சித்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய குற்றங்களை மனத்தில் தோன்றும் வரிசையில் அடுக்கி, எதிலும் தங்கிவிடாமல் கடந்துபோகும்படி அது சொல்கிறது. ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம், நாளுக்கு இருமுறை. ‘இதைச் செய்ததாக என்னையே நான் குற்றம்சாட்டுவேனா’ என்ற கேள்வியும் அங்கேதான் வருகிறது. ஒரே நாளில் இரண்டு பாடங்களைச் செய்யாதீர்கள், நூலே அதை விலக்குகிறது. இக்கருத்துகளை நம்ப வேண்டியதுகூட இல்லை, செய்து பார்த்தால் போதும் என்றும் அதன் முன்னுரை சொல்வதால், அழுகை வந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம். விடியற்காலையில் வெறும் வயிற்றில் அமருங்கள். இது நூலில் இல்லை, என் பழக்கம். முடிந்தால் பழம் வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

புதுகை வாசகி:
இருவருக்கும் நன்றி. தோட்டைக் கேட்பதா விடுவதா என்பது என் கேள்வியல்ல. சித்திக்கு எழுபது வயதாகிறது, அது அவர் காதிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். நண்பரிடம் ஒளியைக் காணும் படியில் வேறு யாராவது இப்படித் தடுக்கி நின்றதுண்டா? அப்படியானால், பயிற்சிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தீர்களா, அதே ஆளோடு மறுபடி தொடங்கினீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.