10 மதிப்பெண் வந்தாலே மனச்சோர்வா?

கேள்வி: ஆலோசகர் பயிற்சியில் இருக்கிறேன். பிஎச்கியூ-9 வினாத்தாளில் (மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை) மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு என்று எழுதிவிடலாமா? நம்பகமான வினாத்தாள்தானே?

பதில்: எழுதாதீர்கள், தயவுசெய்து. நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு. திரும்பக் கேட்டாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருவது நம்பகத்தன்மை. மதிப்பெண்ணை வைத்து நாம் எடுக்கும் முடிவு இந்த மனிதருக்குச் சரியா என்பதுதான் ஏற்புடைமை. தூக்கம், சோர்வு, பசி பற்றிய மூன்று கேள்விகளின் மதிப்பெண்ணும் உடல்நோயாலும் ஏறும். கடும் சிகிச்சையில் இருப்பவருக்கு அவை மட்டுமே 9 மதிப்பெண் தந்துவிடலாம், மனம் தெளிவாக இருந்தாலும். எந்தக் கேள்வியில் ஏறியது என்று பாருங்கள், அப்புறம் உட்கார்ந்து பேசுங்கள்.

கேட்டவர்: சரி. மொத்தம் குறைவாக இருந்தால் விட்டுவிடலாமா?

இன்னொருவர்: கூடாது. 9-வது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தாலும் அன்றே நேரில் கேளுங்கள்.