காலில் வளையத்தோடு ஆறுமணிக்குருவி: என்ன செய்வது?

கோத்தகிரி தோட்டக்காரர்:
விடியற்காலையில் எங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஆறுமணிக்குருவி மோதி விழுந்தது. காலில் சின்ன அலுமினிய வளையம். எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அம்மா அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார். வளையத்தைக் கழற்றி அனுப்பணுமா?

குன்னூர் அக்கா:
கழற்றாதீங்க தம்பி! எண்ணைப் படமெடுத்து, தேதி, இடத்தோடு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்க. வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பெட்டி இருட்டாக, காற்றோட்டமாக இருக்கட்டும். இவை இரவில் வலசை போகிறவை. தெளிந்திருந்தால் அந்தி சாயும்போது புதர் ஓரமாக விடுங்க.

கோடியக்கரை தன்னார்வலர்:
அக்கா சொன்னதே சரி. 1927 முதல் அந்தக் கழகம் வளையமிடுகிறது. கோடியக்கரையில் உப்பளத்தில் இரவில் மெல்லிய வலை கட்டுவோம். கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை சிக்கினால் துணிப்பையில் போட்டு எடை பார்ப்போம், இருபது கிராம் சொச்சம்தான். பிறகு வளையம், அலகு, கால் அளவு. இறக்கையை மடக்கியபடியே அளவுகோலில் வைத்து மில்லிமீட்டரில் குறிப்போம். எனக்கு மிகப் பிடித்தது கொழுப்பு பார்ப்பது. கழுத்தடிக் குழியில் இறகை மெல்ல ஊதி விலக்கினால் மஞ்சளாகத் தெரியும். அதுதான் வழிச்செலவு, நிறைய இருந்தால் நெடுந்தூரம் கிளம்பத் தயார் என்று பொருள். எடையை மட்டும் பார்த்தால் இது புரியாது.

உங்கள் குருவி இமயமலை அடிவாரத்திலிருந்தோ மத்திய இந்தியாவிலிருந்தோ வந்திருக்கலாம். எண் கிடைத்தால்தான் எங்கே, எப்போது வளையமிட்டார்கள் என்று தெரியும். தயவுசெய்து இன்றைக்கே எழுதுங்கள்.

கோத்தகிரி தோட்டக்காரர்:
எழுதிவிட்டேன். இனி எதுவும் மோதாமலிருக்க ஜன்னலுக்கு வெளியே பழைய வலையும் கட்டியாச்சு.